ராஜாமணியின் இடது குதிகால்

ராஜாமணி பிறந்தபோது தலையை உள்ளேயே வைத்துக்கொண்டு காலை முதலில் வெளியே நீட்டினாள். அன்றைக்கு அவள் அம்மா பட்ட பாடு யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்தக் காலை மட்டும் கிளியனூரைச் சுற்றி ஏழெட்டு ஊர் மறக்கவில்லை. கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பதில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கடவுள் உண்டா இல்லையா என்று மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம்தான் அது. அந்த மேடையில் பேசியவர்களில் ஒருவரே மறுநாள் விடியற்காலையில் உதை வாங்க வந்திருக்கிறார்.

முறை ரொம்பச் சுலபம். பல் விளக்குவதற்கு முன்னால் வந்து, தோட்டத்து வாசலில் குப்புறப் படுக்க வேண்டும். ராஜாமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வலது காலில் நின்று, இடது குதிகாலால் இடுப்பில் மூன்று உதை விடுவாள். இப்படி மூன்று நாள். முடிந்ததும் வாயைத் திறக்காமல் எழுந்து போய்விட வேண்டும். சொல்லிக்கொண்டு கிளம்பினால் வலி திரும்பி வந்துவிடும்.

ஆண்பிள்ளைகள் எதிரே காலை நீட்டி உட்காரக் கூடாது என்று அவளுக்குப் புத்தி சொன்ன பெரிய மனிதர்கள் எல்லாம், இடுப்புப் பிடித்துக்கொண்டால் அந்தக் காலடியில்தான் குப்புறக் கிடந்தார்கள். கிராம முன்சீப் இரண்டு தடவை உதை வாங்கியிருக்கிறார். சேரியிலிருந்து வருகிறவர்கள் வாசலுக்கு வரக் கூடாது. அவர்களுக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தனி இடம். கையால் தொடக் கூடாதவர்களைக் காலால் மட்டும் உதைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. உதைப்பதற்கு ஊரில் எந்தக் காலத்திலும் ஆட்சேபணை இருந்ததில்லை.

இதனால் பெருமையெல்லாம் அவள் புருஷன் சீனுவாசனுக்கு. ஆறு காணி நிலமும், வேர்க்கடலை போட்ட ஒரு மல்லாட்டைக் கொல்லையும் வைத்திருந்த மனிதர். ஆனால் முன்சீப் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் அவருக்கு இலை விழுந்ததற்குக் காரணம் நிலம் இல்லை, பெண்டாட்டியின் குதிகால். "நம்ம வீட்டு உதை தப்பினதே கெடையாது" என்று பல் குத்திக்கொண்டே சொல்லுவார். கேட்கிறவர்களுக்கு உதைக்கிறவரே அவர்தானோ என்று தோன்றும்.

இதில் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. பதினோரு வருஷமாக ராஜாமணிக்கே இடுப்பு வலி.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஆரம்பித்தது. காலையில் பாயை விட்டு எழுந்திருக்கும்போது இடுப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். சுவரைப் பிடித்து எழுந்து, நாலு நடை நடந்த பிறகுதான் இளகும். பிறகு கேணிக்குப் போவாள். வீட்டுக்கும் மாடுகளுக்குமாகச் சேர்த்து நாற்பது குடத்துக்குக் குறையாமல் சேந்த வேண்டும். அப்புறம் கொல்லையில் களை. பிள்ளைகள் இரண்டும் திண்டிவனத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் கைக்கு உதவ ஆள் இல்லை. அந்தப் பக்கத்தில் கால் முன்னால் வந்து பிறந்த ஆளும் அவளைத் தவிர வேறு இல்லை. தன் இடுப்பைத் தானே உதைத்துக்கொள்ளும் வித்தையைக் கடவுள் மனுஷருக்குக் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு தடவை சீனுவாசனிடம் சொன்னாள். அவர் பதறிப்போய்விட்டார்.

"மெல்லப் பேசு. ஊருக்கெல்லாம் இடுப்பு வைத்தியம் பண்றவளுக்கே இடுப்பு வலின்னா எவன் வருவான்? வெளியில தெரிஞ்சா பேஜாரா பூடும்."

பதற்றம் எல்லாம் வெளியில் தெரிவதைப் பற்றித்தான். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ராஜாமணியும் அதற்கப்புறம் சொல்லவில்லை. யாராவது ஒருத்தர் இந்த இடுப்பு என்னதான் சொல்கிறது என்று கேட்க வேண்டும், ஒரே ஒரு மாசம் கேணிக் கயிற்றைத் தொடாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆசையையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு நாற்பது குடத்தையும் சேந்திக்கொண்டிருந்தாள்.

1958-ஆம் வருஷம் தை மாசத்தில் சீனுவாசனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்கியோ ஏர் பிடித்தோ அல்ல. கீழே விழுந்த வெற்றிலையை எடுக்கக் குனிந்தார். குனிந்த இடத்தில் ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான். "செத்தேன்" என்று அப்படியே நின்றுவிட்டார். நாலு பேர் வந்து அவரை அதே வளைவோடு தூக்கிக் கட்டிலில் போட்டார்கள்.

வைத்தியம் கட்டிலிலிருந்து பத்தடி தூரத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்தது. ஆனால் பெண்டாட்டி காலால் புருஷன் உதை வாங்குவதா? மாமன் மச்சானெல்லாம் சிரிக்க மாட்டார்களா?

"ஊரை உதைக்கலாம், தாலி கட்டினவனை உதைக்கலாமா? சாமி குத்தம்" என்று சொல்லிவிட்டார். ராஜாமணிக்கும் உதைத்துத்தான் தீர வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. சரி என்று கஞ்சி ஆற்றினாள்.

ஆகையால் முதலில் வாடகை மோட்டார் வைத்து விழுப்புரத்துக்குப் போனார்கள். அங்கே ஜங்ஷன் பக்கத்தில் ஒரு வைத்தியர் இடுப்பு முழுக்கக் கறுப்பாக ஒரு பற்றைப் பூசி, மூன்று நாள் கழித்து உரித்துப் போடச் சொன்னார். உரித்தபோது பற்றோடு முடியெல்லாம் வந்துவிட்டது. வலி மட்டும் வரவில்லை. பிறகு திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். அம்மனும் அவசரம் காட்டவில்லை. கடைசியில் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, அவரைக் கிடத்தி, பண்ணையாள் மண்ணாங்கட்டி ஓட்ட, திண்டிவனத்தில் புதிதாக வந்திருந்த டாக்டர் வேங்கடேசனிடம் கொண்டுபோனார்கள். ராஜாமணி வண்டியின் பின் விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் சீனுவாசன் "ஐயோ" என்றார். அதே பள்ளத்தில் அவளுடைய இடுப்பும் அதையேதான் சொல்லியது, வாயைத் திறக்காமல்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கேள்வி கேட்கிற பழக்கம் உள்ளவர்.

"வலி எப்போ அதிகமா இருக்கு? காலையில எழுந்திரிக்கும்போதா?"

"அம்மா" என்றார் சீனுவாசன்.

"நடந்தா குறையுதா, கூடுதா?"

"ஐயோ."

டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு ராஜாமணியைப் பார்த்தார். அவள் புருஷனுக்காகப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாய் யாருடைய இடுப்பைப் பற்றிப் பேசப்போகிறது என்று அவளுக்கே தெரியாது.

"காலையில எழுந்திரிக்கச்சொல்ல விறைச்சினு இருக்கும் டாக்டர். கொஞ்சம் நடமாடினா எளகிடும். தண்ணி சேந்தச்சொல்ல எடது பக்கமா சுருக்குன்னு இழுக்கும். குனிஞ்சி களை எடுத்துட்டு நிமுந்தா உடனே நிமுர முடியாது, இடுப்புல கைய ஊணிக்கினுதான் நிமுரணும். சாயங்காலம் ஆச்சின்னா கல்லைக் கட்டித் தொங்கவுட்ட மாதிரி இருக்கும்."

"கால்ல இறங்குதா? மரத்துப்போகுதா?"

"இல்லீங்க. இடுப்போட சரி."

"எத்தனை நாளா?"

"பதினோரு" என்று சொல்லி நிறுத்தி, "நாளா" என்று முடித்தாள்.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த வலியை ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டு, காகிதத்தில் எழுதுகிறார். மேலே பெயர் சீனுவாசன் என்று இருந்தால் என்ன? ராஜாமணிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"எலும்புல ஒண்ணும் இல்ல. நரம்பும் நல்லாத்தான் இருக்கு. முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் சதை இருக்கு பாருங்க, ஒரே பாரத்தைத் தாங்கித் தாங்கி அது இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு" என்றார் டாக்டர்.

சீனுவாசனின் முகம் தொங்கிவிட்டது. தன்னைப் போன்ற ஒருவருக்கு வெறும் சதைப் பிடிப்பா? ஒரு எலும்பாவது நகர்ந்திருக்கும் என்று வரும் வழியெல்லாம் நம்பிக்கொண்டு வந்திருந்தார். ஊசி உண்டா என்று கேட்டார். ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். அந்த நிமிஷமே சீனுவாசன் அவரை டாக்டர் ஜாபிதாவிலிருந்து எடுத்துவிட்டார்.

"தவிட்டை வறுத்துத் துணியில கட்டி ரெண்டு வேளை ஒத்தடம் கொடுங்க. படுத்தே கெடக்கக் கூடாது, படுத்தா இன்னும் இறுகும். தினம் கொஞ்சம் நடக்கணும். எதையாவது தூக்கணும்னா இடுப்பை வளைக்காம முட்டியை மடக்கி, உடம்போட சேத்துப் பிடிச்சுத் தூக்கணும். முக்கியமா ஒரு மாசத்துக்குத் தண்ணி சேந்தக் கூடாது. குனிஞ்சி களை எடுக்கக் கூடாது."

"சத்தியமா செய்ய மாட்டேன் டாக்டர்" என்றார் சீனுவாசன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேணிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. களைக்கொட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய நாற்பத்தெட்டு வருஷமும் அவர் அதே பத்தியத்தைத்தான் கடைப்பிடித்திருந்தார். நடக்கச் சொன்னதையும் படுக்காதே என்று சொன்னதையும் மட்டும், வலியில் சரியாகக் காதில் விழவில்லை என்று விட்டுவிட்டார். பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட்டும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் காப்பி போடுவதற்கு இன்னும் ஆறு குடம் சேர்ந்துகொண்டது.

ராஜாமணி தவிடு வறுத்து இரண்டு வேளையும் அவருக்கு ஒத்தடம் கொடுத்தாள். மூட்டையில் சூடு மிச்சம் இருக்கும். அதை அடுப்பங்கரைக்கு எடுத்துப்போய்ச் சுவரோடு வைத்துத் தன் இடுப்பைச் சாய்த்துக்கொள்வாள். முதல் நாள் அந்தச் சூடு உள்ளே இறங்கியபோது அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவு சின்ன விஷயமா, இதற்கா பதினோரு வருஷம் என்று ஆத்திரமாகவும் இருந்தது. குடத்தை முட்டி மடக்கித் தூக்கப் பழகினாள். களை பறிக்கும்போது குந்தி உட்கார்ந்து நகர்ந்தாள். சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன்னால் மல்லாட்டைக் கொல்லை வரப்பில் வேலையில்லாமல் ஒரு நடை போய் வந்தாள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள்.

மூன்று வாரத்தில் அவள் வலி பாதியாகக் குறைந்தது. அவர் வலி இரண்டு மடங்காகியிருந்தது. அந்த டாக்டரை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும் என்று சீனுவாசன் மறுபடியும் வண்டி கட்டச் சொன்னார்.

டாக்டர் பழைய காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பெஞ்சில் கிளியனூர்ப் பாஞ்சாலி இருமலுக்கு மருந்து வாங்க உட்கார்ந்திருந்தாள். காதுக்கும் வாய்க்கும் நடுவில் எதையும் தங்கவிடாத பெண்பிள்ளை.

"தண்ணி சேந்தும்போது இடது பக்கம் இழுக்குமே, அது இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"தண்ணியா? நான் எதுக்குங்க தண்ணி சேந்தறேன்?"

"களை எடுத்துட்டு நிமிரும்போது?"

"நான் இன்னா கூலிக்காரனா டாக்டர்?" சீனுவாசனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவருடைய கையைப் பார்த்தார். காய்ப்பே இல்லாத கை. பிறகு மெதுவாக ராஜாமணி பக்கம் திரும்பினார்.

"வலி யாருக்கும்மா?"

"எனக்குத்தான் டாக்டர்" என்றார் சீனுவாசன்.

"உங்களைக் கேக்கல."

பாஞ்சாலி இருமலை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். சொன்னால் ஊரில் மரியாதை போய்விடும். சொல்லாவிட்டால் நாற்பது குடம் இருக்கவே இருக்கிறது.

"எனக்கு" என்றாள். "பதினோரு நாள் இல்லீங்க, பதினோரு வருஷம். நீங்க அவருக்குச் சொன்னதெல்லாம் நான்தான் பண்ணிக்கினு வர்றேன். பாதி கொறைஞ்சிருக்குது. தண்ணி சேந்தறத மட்டும் உட முடியல."

சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. வெட்கமாகவும் இல்லை.

டாக்டர் அவளை உட்காரவைத்து, குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, விரலால் அழுத்திப் பார்த்தார். வேறென்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அதற்குப் பாஞ்சாலியே பதில் சொல்லிவிட்டாள்.

"எங்க பக்கத்துல எல்லாருக்கும் இடுப்புல ஒதைக்கிறது அவங்கதான் டாக்டர். போன வருசம் எனக்குக்கூட ஒதைச்சாங்க. கைராசின்னு சொல்லுவாங்களே, அது மாதிரி அவங்களுக்குக் கால்ராசி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எப்படி நின்று உதைப்பீர்கள் என்று கேட்டார். ராஜாமணி எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று காட்டினாள். காட்டும்போதே இடது பக்கம் சுருக்கென்று இழுத்தது. முகம் சுளித்ததை டாக்டர் பார்த்துவிட்டார்.

"உதை வாங்கினவங்களுக்கு ஒரு வாரம் போனா தானாவே சரியாயிருக்கும். அவங்க வலி போனது உதையால இல்லம்மா. உங்க வலி வந்ததுல பாதி அந்த உதையாலதான். ஒரு மாசத்துக்குத் தண்ணி சேந்தக் கூடாது, யாரையும் உதைக்கவும் கூடாது."

பிறகு சீனுவாசன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வந்தது எப்பவோ போயிடுச்சு. இப்போ இருக்கறது படுத்துக் கெடந்த வலி. எழுந்து வேலை பாருங்க. தண்ணி சேந்துங்க, நல்லது. ஒரேயடியா செய்யாம, கொஞ்சம் கொஞ்சமா."

திரும்பி வரும்போது வண்டியில் ராஜாமணி வைக்கோல் மேல் படுத்துக்கொண்டாள். சீனுவாசன் விளிம்பில் தொற்றிக்கொண்டு வந்தார். மானம் போய்விட்டது என்று பாதி வழி வரைக்கும், பாஞ்சாலி வாய் சும்மா இருக்காது என்று கிளியனூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். இனிமேல் நம் வீட்டு வாசலை எவன் மிதிப்பான் என்றார். ராஜாமணி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாஞ்சாலி வாய் சும்மா இருக்கவில்லைதான். ஆனால் ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. இத்தனை பேருடைய வலியையும் அந்தம்மா தன் உடம்பில் வாங்கிக்கொண்டிருக்கிறாள், இல்லாவிட்டால் அவளுக்கு ஏன் வலிக்கப்போகிறது? மறுநாள் விடியும்போது வாசலில் மூன்று வண்டி நின்றது. ஒன்று திருவக்கரையிலிருந்தே வந்திருந்தது. ராஜாமணி கதவைத் திறந்து, ஒரு மாசம் கழித்து வாருங்கள், அதற்குள் வலி போய்விட்டால் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, திரும்பப் போய்ப் பாயில் படுத்தாள்.

மாடுகள் கத்தத் தொடங்கின.

"தண்ணி சேந்தலியா?" என்றார் சீனுவாசன்.

"ஒரு மாசம் சேந்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிகிறாரு."

"அதான் மூணு வாரம் நான் சேந்தாம இருந்தேனே."

"உங்களுக்குப் பத்தியம் முடிஞ்சிப்போச்சி. எனக்கு இன்னிக்குத்தான் ஆரம்பம்."

சீனுவாசன் தோட்டத்துக்குப் போய் மண்ணாங்கட்டியைப் பார்த்தார். மண்ணாங்கட்டி வேலிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் தேவைப்பட்டால் எட்டி நின்று கையேந்த வேண்டும், கேணி மேடையில் கால் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சீனுவாசனின் அப்பா போட்ட சட்டம். அதைச் சீனுவாசன் இன்னும் இரண்டு அடி தள்ளி வைத்திருந்தார்.

"நானே சேந்திக் குடுத்திடுவேன் ஆண்டே. ஆனா நம்ம காலு கேணிகிட்ட வரக் கூடாதே" என்று மண்ணாங்கட்டி ரொம்பப் பணிவாகச் சொன்னான். கொஞ்சம் பொறுத்து, "இடுப்ப வளைக்காதீங்க. முட்டிய மடக்கணும்னு டாக்டரு சொன்னாரு, ரோட்டு வரைக்கும் கேட்டுச்சி" என்றான்.

சீனுவாசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக என்றுதான் சொன்னார். ஆனால் மாடுகளுக்கு அது தெரியவில்லை. முட்டியை மடக்குவது ஒரு பண்ணையாள் சொல்லிக் கொடுத்தா வர வேண்டும் என்று முதுகை வளைத்தே இழுத்தார். ஆறாவது குடத்தில் உள்ளங்கை சிவந்தது. ஒன்பதாவதில் மூச்சு வாங்கியது. நடுவில் ஒரு தடவை நின்று, இதைத் தினம் நாற்பது குடம் எப்படி இழுத்தாள் என்று யோசித்தார். நல்ல யோசனைதான். அதை முடிப்பதற்குள் பதினொன்றாவது குடம் வந்துவிட்டது. இழுத்த இழுப்பில் இடது பக்கம் சுருக்கென்றது.

இந்தத் தடவை "ஐயோ" என்று கத்தவில்லை. சத்தமே வரவில்லை. கேணி மேடையிலிருந்து இறங்கி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, தோட்டத்து வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டார். மண்ணாங்கட்டி மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சீனுவாசன் மெல்ல மெல்ல வாசலில் குப்புறப் படுத்தார்.

ராஜாமணி எழுந்து வந்து பார்த்தாள். முன்சீப் படுத்த அதே இடம்.

"மாமன் மச்சான் சிரிச்சா சிரிக்கட்டும்" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார் சீனுவாசன். "மூணு உதை உதைச்சிடு ராஜாமணி. வலி உசுரு போவுது. உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான்."

"தினமுமா?"

"தினமும்தான்" என்றாள். "எழுந்திருங்க. படுத்தா இன்னும் இறுகிக்கும். நாலு நடை நடந்துட்டு வாங்க. தவிடு பானையில இருக்குது, அடுப்புல நெருப்பு இருக்குது, வறுத்துக்கலாம்."

"ஒரே ஒரு உதை."

ராஜாமணி அந்த இடுப்பைப் பார்த்தாள். நிலையைப் பிடிக்கக் கை தானாகவே போயிற்று. எட்டி ஒரு உதை விட வேண்டும் என்று பதினோரு வருஷமாக அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. டாக்டர் பேச்சை மீறக் கூடாதே என்றுதான் அடக்கிக்கொண்டாள்.